இன்னும் முடியல, இப்போ பார்க்காதே

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். நான் சித்தூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பண்டிகை நேரத்தில் ஜாக்கெட் கேட்டு வருகிறவர்கள் என் உயிரை எடுத்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து, புத்தூரில் இருக்கிற என் அண்ணனுக்குத் திருப்பதியில் கண் ஆபரேஷன் நடந்தது. வீட்டில் கொஞ்சம்கூட தூசி இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணன் வீட்டில் அதுதான் நடக்காத காரியம்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணி நகரியில் பவர்லூம் தறிகளுக்குப் பாவு பிணைக்கிற வேலை செய்தவர். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. ஒரு பாவு தீர்ந்துபோனால், பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து விரலால் முறுக்கிவிட வேண்டும். அது முடிந்ததும் மேஸ்திரி வந்து உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அவர் சரி என்று சொன்னால்தான் தறி ஓடும். அண்ணி வேலையில் ஒரு இழை தொங்கியது என்று யாரும் சொன்னது கிடையாது. பாதி வேலையில் யாராவது எட்டிப் பார்த்தால் மட்டும் அவருக்கு ஆகாது. "முடிச்சிட்டுக் கூப்பிடுறேன், அப்போ வா" என்று விரட்டிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். அப்புறம் பக்கத்துக் கடைக்குப் போய், திரும்பி வர வழி தெரியாமல் நடுத்தெருவில் நின்றார். நோய் இன்னதென்று டாக்டர் சொன்ன அந்த வாரத்தில்தான், எந்த ஊரிலோ புத்தி தவறிய ஒரு அம்மா புடவை நழுவியதுகூடத் தெரியாமல் ரோட்டில் நிற்கிற வீடியோ ஒன்று எல்லோருடைய ஃபோனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் வேறு. அண்ணியும் அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குச் சோறு துன்னவில்லை. சாயங்காலம் அண்ணன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "நானும் அந்த மாதிரி ஆயிடுவேன். என்னை யாரும் பார்க்க உடாதய்யா, சத்தியம் பண்ணு" என்றார். அண்ணன் சத்தியம் செய்தார்.

அந்தச் சத்தியத்துக்காகத்தான் நகரியை விட்டுப் புத்தூருக்கு வாடகை வீடு மாறினார்கள். சொந்தக்காரர்கள் ஃபோன் செய்தால், "ஊர்ல இல்லப்பா, திருப்பதிக்குப் போய்க்கினு இருக்கோம்" என்று அண்ணன் சமாளிப்பார். வேலைக்காரியும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்குள் போய் வந்தது நான் ஒருத்திதான்.

நோய் முற்றியபோது அண்ணிக்கு எங்கள் பெயரெல்லாம் மறந்துபோனது. விரல் மட்டும் மறக்கவில்லை. கையில் அகப்பட்ட துணியில் நூலை உருவி, அதை ஜன்னல் கம்பியில் இருக்கிற நூலோடு சேர்த்துப் பிணைப்பார். தடுத்தால் அழுவார். அண்ணன் என்ன செய்வார்? நகரியில் இருந்து கலர் கலராக நூல் வாங்கி வந்து கொடுத்துவிட்டார். உள் அறையில் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் எங்கே பார்த்தாலும் நூல். நடுவில் அண்ணி உட்கார்ந்து பிணைத்துக்கொண்டே இருப்பார். அந்தப் பஞ்சும் தூசியும் வீடு முழுக்கப் பறக்கும். ஒரு கண்ணில் கட்டோடு அண்ணன் எப்படிப் பெருக்குவார்? எனக்கு முழங்கால் வலி. குனிந்தால் நிமிர முடியாது.

அதனால்தான் திருப்பதியில் ஒரு கிளீனிங் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். பேசியவர், "வேலைக்கு முன்னாடி ஒரு வீடியோ, பின்னாடி ஒரு வீடியோ எடுப்போம் மேடம். எங்க பேஜ்ல போடுவோம். முகம் வராது" என்றார். "வீடியோவும் வேணாம், போட்டோவும் வேணாம். அது நோயாளி இருக்கிற வீடு" என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். "சரே மேடம், சரே" என்று தலையாட்டுகிற மாதிரி சொல்லி வைத்தார்.

மறுநாள் காலையில், நானும் கடையைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டில் இருந்தபோது, மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்தான் மற்ற இரண்டு பேருக்கும் வேலை சொன்னாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சத்தியவேடு பக்கத்துக்காரி. எங்களோடு தமிழ், அவர்களோடு தெலுங்கு. கூடம், சமையல்கட்டு, பாத்ரூம் மட்டும் போதும், உள் அறையைத் தொட வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். நான் எல்லோருக்கும் டீ போடப் போனேன்.

தூசி உறிஞ்சுகிற மிஷினுக்குக் கூடத்தில் இருந்த பிளக் வேலை செய்யவில்லையாம். வேறு பிளக் தேடி அவள் உள் அறைக் கதவைத் தள்ளியிருக்கிறாள். எனக்குக் கேட்டது அண்ணியின் குரல்தான்.

"அய்யோ வேணாம்மா, இன்னும் முடியல. இப்போ பார்க்காதே!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் வாசற்படியில் நின்று ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த நூல்களை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அண்ணி எழுந்து நின்று, முந்தானையால் நூலை மூடப் பார்க்கிறார். மூடக்கூடிய அளவா அது? ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் தெரிகிறது. "கொஞ்சம்தான் பாக்கி கீது மேஸ்திரி. முடிச்சிட்டு நானே கூப்பிடுறேன்" என்று கெஞ்சுகிறார். ஃபோனைத் தூக்கியவளை, வேலையைச் சோதிக்க வந்த மேஸ்திரி என்று நினைத்துவிட்டார்.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்கு வாயில் வந்ததெல்லாம் வந்தது. "உன் வீட்டு ஆளு இந்த மாதிரி இருந்தா இப்படித்தான் எடுப்பியா? உங்க ஆபீஸ்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று கத்தினேன். சத்தம் கேட்டு அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். அறை வாசலில் குறுக்கே நின்று, இரண்டு கையையும் விரித்துக் கதவை மறைத்தார். பச்சைத் துணி கட்டிய ஒரு கண்ணோடு அவர் அப்படி நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

அவள் முகம் வெளுத்துப்போனது. "எங்ககிட்ட சொல்லவே இல்லக்கா. வீடியோ அனுப்பலன்னா அடுத்த வீட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "எடுத்ததும் கம்பெனி குரூப்ல போயிடுச்சு" என்றாள்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணனே..." என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் நைனா செத்தபோதுகூட அவர் அழவில்லை. ஆபரேஷன் செய்த கண், அழாதே என்று நான்தான் அதட்ட வேண்டியிருந்தது. என்ன சத்தியம் என்று அவள் கேட்டாள். சொன்னேன். அந்த ரோட்டு வீடியோவைப் பற்றியும் சொன்னேன். அதை அவளும் பார்த்திருக்கிறாளாம்.

உடனே முதலாளிக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரிலேயே பேசினாள். அந்த ஆள் தெலுங்கில் குஷியாகப் பேசினார். இந்த மாதிரி ஒரு ரூம் இதுவரைக்கும் வந்ததே இல்லையாம், இப்போதுதான் பேஜில் போட்டாராம், அதற்குள் ஆட்கள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களாம். அந்த அம்மா கொஞ்சம்தான் தெரிகிறார், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். மற்றவர்களுக்கு வேண்டுமானால் தெரியாமல் இருக்கும். நகரியில் பாவு பிணைக்கத் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்தால் போதும். அது யார் கை என்று சொல்லிவிடுவார்.

அவள் முதலில் கெஞ்சிப் பார்த்தாள். அவர் சிரித்தார். அவள் கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தி வைத்தாள். "தீசேதாக்கா இக்கட பனி லேது அன்னா" என்றாள். அதை எடுக்கிற வரைக்கும் இங்கே வேலை கிடையாது என்று அர்த்தம். சொல்லிவிட்டு ஃபோனை வைத்து, வெளியே படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, மிஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

போட்டிருந்த டீ ஆறிப்போனது. அவள் ஃபோன் திரும்பத் திரும்ப அடித்தது. எடுக்கவே இல்லை. கடைசியில் ஒரு மெசேஜ் வந்தது. பேஜைத் திறந்து பார்த்தாள், வீடியோ இல்லை. குரூப்பிலும் இல்லை. பிறகு தன் ஃபோனில் இருந்து அழித்தாள். அழித்த படங்கள் போய் உட்காரும் இடம் ஒன்று ஃபோனில் இருக்குமாமே, அங்கே இருந்தும் அழித்தாள். "நீங்க பாருங்க சார்" என்று அண்ணனிடம் நீட்டினாள். அண்ணனுக்கு எங்கே தெரியும்? நான் பார்த்து, இல்லை என்று சொன்னேன். அதற்கு அப்புறம்தான் அவர் எழுந்தார்.

அதற்குள் யார் யார் பார்த்தார்களோ, இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. பல மாதம் சொந்தக்காரர்கள் யாராவது ஃபோன் செய்தாலே அண்ணன் எடுக்காமல் அடிக்க விட்டுவிடுவார்.

மத்தியானத்துக்குள் வீடு பளபளவென்று ஆகிவிட்டது. போகும்போது அவள் உள் அறை வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே பார்க்காமலே, "நான் போய்ட்டு வரேம்மா" என்றாள். உள்ளே இருந்து அண்ணி, "முடிச்சிட்டுச் சொல்லி அனுப்புறேன், வந்து பாரு" என்றார். "கட்டாயம் வரேம்மா" என்றாள் அவள். வாய் வார்த்தைக்குச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து, மாசி பிறந்திருக்கும். அண்ணன் ஃபோன் செய்தார். "ஏம்மா, அந்தப் பொண்ணைக் கூப்பிட முடியுமா? உங்க அண்ணி காலையில எழுந்தா மேஸ்திரியம்மா வந்தாளான்னுதான் கேக்குறா. வேலை முடிஞ்சிபோச்சாம்" என்றார். என் பெயர் மறந்துபோனது, அண்ணன் பெயர் மறந்துபோனது, அவள் மட்டும் எப்படித்தான் மனதில் நின்றாளோ! எனக்கு அவள்மேல் கோபம் முழுசாகத் தீரவில்லை. இருந்தாலும் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். வாசலிலேயே ஃபோனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டாள். அண்ணன் அறைக் கதவைத் தானே திறந்துவிட்டார்.

அண்ணி அன்றைக்குத் தலை வாரச் சொல்லி, பூ வைக்கச் சொல்லி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பிடித்து நூல் பக்கம் கூட்டிப்போனார். எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் தாழ்ந்த குரலில், "உள்ளங்கையால தடவிப் பார்ப்பாங்கம்மா" என்றார். அவள் ஜன்னலில் இருந்து ஆரம்பித்து, அவசரப்படாமல், ஒவ்வொரு நூலாகத் தடவிக்கொண்டே போனாள். அண்ணி அவள் கையைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நூலுக்கு வந்ததும், "ஒண்ணு கூட தொங்கலம்மா. சரியா இருக்குது" என்றாள்.

அண்ணி சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. "அப்போ தறியை ஓட்டச் சொல்லு" என்றார்.

அவள் போன பிறகு அண்ணன் என்னைக் கேட்டார்: "நான் சத்தியத்தை மீறிட்டேனாம்மா?" இல்லை அண்ணா, அண்ணியே கூப்பிட்டுக் காட்டினாங்க, அது வேற என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் அழுகை வந்துவிட்டது.

போன ஆடியில் அண்ணி போய்ச் சேர்ந்தார். அந்த நூலையெல்லாம் அறுக்காமல் சுருட்டி, அவர் கையிலேயே வைத்து அனுப்பினார் அண்ணன். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், கடைசிக் காலத்தில் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார் அண்ணன்.

இதை எழுதுவதற்கு முன்னால் அண்ணனிடம் கேட்டேன். அவர், "பேரு மட்டும் போடாதே. உங்க அண்ணி வேலைதான் முடிஞ்சிபோச்சு இல்ல, இனிமே காட்டலாம்" என்றார். அந்தப் பெண் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நின்ற நாளில் இருந்து, யார் வீட்டுக்குப் போனாலும், "உள்ள வந்து பாரு" என்று அவர்கள் வாயால் சொல்கிறவரைக்கும் என் கண்ணை நான் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறேன்.