கோழிக்கூண்டைச் சுற்றிய முள்

முட்டையிட்ட கோழி போடும் கூச்சலுக்கும் கீரியைக் கண்ட கோழி போடும் கூச்சலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். முதலாவது தன் பெருமையை ஊருக்குச் சொல்வது. இழுத்து, விட்டுவிட்டு, கொஞ்சம் அலட்டலோடு வரும். இரண்டாவது மூச்சு வாங்காமல் துண்டு துண்டாகத் தெறிக்கும். அது கேட்டால் வாயில் பல்பொடியோ பாதி பின்னிய சடையோ, எதுவானாலும் அப்படியே பின்பக்கம் ஓடுவேன். இன்றைக்கும் அடுத்த வீட்டுக் குக்கர் திடீரென்று சத்தம் போட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். அந்த வியாதி எனக்கு எண்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழியில் வந்தது.

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்திலிருந்து ஏரிப் பக்கமாக நடந்தால் அப்போது வரிசையாக எட்டு ஓட்டு வீடுகள் இருந்தன. ஏழாவது எங்களுடையது. அப்பா ஆறு மணிச் சங்குக்கு முன்பே சைக்கிளில் ஷிப்டுக்குப் போய்விடுவார். இளவயதில் நாற்று நட்ட அம்மா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் போல்ட்டுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலு வயதுத் தம்பிக்கு அந்த வருஷம் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்', பிள்ளைகளுக்கு வரும் காசநோய், என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தான். ஆறு மாதம் மருந்து, தினமும் ஒரு முட்டை. அதற்காகத்தான் அம்மா மூன்று பெட்டைக் கோழிகளை வாங்கி வந்தாள். ஒன்று முட்டையை நிறுத்தினால் இன்னொன்று வைக்கும் என்பது அவள் கணக்கு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, கரையில் இருந்த எலி வளைகளெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிடும். சாப்பாடு இல்லாத கீரிகள் மார்கழியில் எங்கள் வீடுகளைத் தேடி வரும். விடிந்த பிறகுதான் வரும். பனி மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நேரம் பார்த்து வரும். கல்லெடுத்து அடிக்கவும் எங்கள் தெருவில் ஆளில்லை, கீரி முகத்தில் விழித்தால் அன்றைக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை. "நம்ம முழிச்சா நல்லதுதான், கோயி முழிச்சா?" என்பாள் அம்மா.

அப்பா பேக்கிங் பலகையில் செய்த கூண்டுக்கு அடியில் மண்தரைதான். கீரி பலகையோடு மல்லுக்கு நிற்காது, பக்கத்தில் பள்ளம் பறித்து உள்ளே போய்விடும். அதனால் அம்மா ஏரிக்கரையில் 'வேலிகாத்தான்' முள்ளை வெட்டிச் சுமந்து வந்து, கூண்டைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, அடிமண்ணிலும் திணித்து வைத்தாள். கையெல்லாம் ரத்தக் கீறல். வெயில் ஏறிப் பனி விலகும்வரை கோழிகளைத் திறந்துவிடக் கூடாது என்பது சட்டம். அதுவரை காவல் என் வேலை. கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்வாசலுக்கும் பின்பக்கத்துக்குமாக நடப்பேன். திறந்துவிட்ட பிறகோ வானத்தில் பருந்து வட்டமிடுகிறதா என்று கழுத்து வலிக்கப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தாலும் மனசு கூண்டிலேயே கிடக்கும்.

நாங்கள் கிளம்பியதும் தம்பியும் கோழிகளும் எட்டாம் வீட்டுக் கஸ்தூரி அக்காவின் பொறுப்பு. வாயாடி. தண்ணீர்க் குழாயில் அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. அவருக்கும் நாலைந்து கோழிகள் உண்டு. இரண்டு பையன்கள், மூத்தவன் பாபு என் வகுப்பு, எதிலும் எனக்குப் போட்டி.

அந்த வருஷப் போகிக்கு யார் வீட்டு நெருப்பு பெரிசு என்று எனக்கும் அவனுக்கும் பந்தயம். அவனும் அவன் தம்பியும் இரண்டு நாளாக வீடு வீடாகப் போய்க் கிழிந்த பாய், ஓட்டை முறம், சைக்கிள் டயர் என்று சேர்த்துக் குவித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் எரிக்க எதுவுமே இல்லை. கிழிந்த பாயில்தான் நாங்கள் படுத்தோம். பழைய புடவை தம்பிக்குப் போர்வை. கடைசியில் ஒரு தேய்ந்த துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு அம்மா பானை கழுவப் போனாள். விடியற்காலையில் அந்தத் துடைப்பம் எரிந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும்? பாபு அவன் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று மேளம் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பின்பக்கம் போனேன். ஒரு மாத வெயிலும் பனியும் பட்டு மொறமொறவென்று காய்ந்திருந்த முள்ளைக் கவைக்கோலால் தள்ளித் தள்ளி, பக்கச் சந்து வழியாகத் தெருவுக்குக் கொண்டுவந்தேன். புகைமூட்டத்தில் நான் எதை எரிக்கிறேன் என்று யாரும் கவனிக்கவில்லை. படபடவென்று ஓட்டு உயரத்துக்கு எழும்பியது நெருப்பு. பாபு மேளத்தை நிறுத்திவிட்டு வாய் பிளந்து நின்றான். அவ்வளவு சந்தோஷமாக அதற்குமுன் நான் இருந்ததில்லை.

சாயங்காலம் கோழிகளை அடைக்கப் போன அம்மா திகைத்து நின்றாள். "முள்ள எவன்டீ எட்த்தான்?" நான் கோழியைப் பிடிக்க ஓடினேன். அவளே முடிவுக்கு வந்தாள்: "அந்தப் பாபு பசங்கதான். ஊரெல்லாம் பொறுக்கினு இருந்தானுங்க." பொங்கல் முடிந்ததும் வேறு முள் வெட்டிக்கொள்ளலாம் என்று கூண்டின் அடியில் சாக்கைத் திணித்து நாலு செங்கல்லை வைத்தாள். நான் இன்னும் இரண்டு கல் கொண்டுவந்து வைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் பானை பொங்கியபோது எட்டு வீட்டுப் பிள்ளைகளும் தட்டைத் தட்டிக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். நான்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினேன். பெருமைப்பட்டுக்கொண்டிருந்த என் காதில் பின்பக்கத்துச் சத்தம் விழவே இல்லை. போய்ப் பார்த்தபோது சாக்கு வெளியே கிடந்தது. இரண்டு கோழிகள் கழுத்து கடிபட்டுச் செத்துக் கிடந்தன. மூன்றாவது மூலையில் ஒடுங்கி நின்றது. உயிரோடு இருந்ததே தவிர, பயத்தில் அதற்கப்புறம் அது முட்டையே வைக்கவில்லை.

அம்மா குழாயடியில் எல்லார் முன்னாலும் கஸ்தூரி அக்காவைக் கேட்டாள். "உன் பசங்க நெருப்புக் காய எம் புள்ள முட்டைதான் கெட்ச்சுதா?" அந்த வாயாடி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து பையன்கள் அலறும் சத்தம் கேட்டது. நான் குடத்தை நிரப்பிக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் மதில் மேல் அவர் கை நீளும். "இந்தாடீ, தம்பிக்குக் குடு." ஒரு முட்டை, சில நாள் சூடு ஆறாமல் இருக்கும். அம்மா அதை என்னிடம் வாங்கி வேக வைப்பாள். கொடுக்க வேண்டியவள் கொடுக்கிறாள் என்பது அவள் எண்ணம். தம்பியையும் அதன்பிறகு எங்கள் அத்தை வீட்டில் விட ஆரம்பித்தாள். ஆனி மாதம் டாக்டர் மருந்தை நிறுத்தும்வரை அந்த முட்டை ஒரு நாளும் நின்றதில்லை. அதை வாங்கும் ஒவ்வொரு காலையிலும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். வெட்கமாக இருக்கும், பயமாகவும் இருக்கும். முட்டையை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன்.

அந்த எட்டு ஓட்டு வீடுகள் இப்போது இல்லை. மூன்று மாடிக் குடியிருப்பு நிற்கிறது. முள் வெட்டிய கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். நான் வானகரத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கிறேன், கீரியைக் கண்ணால் பார்த்துப் பல வருஷமாகிறது. தம்பி ஆறடி வளர்ந்து, முட்டை பிடிக்காது என்று ஒதுக்கிவைக்கிறான்.

போன மாதம் குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்த பாபு. "ஏழாம் நம்பர் ஊடுதானே நீ? தம்பி நல்லா கீறானா?" என்றான். நல்லா இருக்கான் என்றேன். அவன் அம்மா போய் நாலு வருஷம் ஆகிறதாம். பழைய கதை பேசினோம்.

"அந்தப் போகி அடி நாபகம் கீதா?" என்று சிரித்தான். "விசிறி மட்டையே பிஞ்சி போச்சு. நாங்க அந்த முள்ளத் தொடவே இல்ல. சாமி மேல சத்தியம் பண்ணோம், அதுக்கும் ரெண்டு அடி. கடைசியில அம்மா ஆஸ்பத்திரில படுத்துகினு இருக்கச்சொல்ல கூட கேட்டுச்சு, நெசமாவே நீ எட்க்கலியாடான்னு."

"நீ என்ன சொன்னே?"

"எட்த்தேம்மான்னு சொல்ட்டேன். இல்லன்னா, சும்மா போட்டு அடிச்சிட்டமேன்னு அது மனசு கஷ்டப்படும்ல?" பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தான். "யார்தான் எட்த்தாங்களோ."

ஒரு பஸ் வந்து நின்றது. "என் பஸ் வந்துடுச்சு பாபு" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அது வானகரம் போகிற பஸ் இல்லை.