கணவர் விபரம் என்ற கட்டம்

அரசாங்கக் கந்தோரில் ஃபோம் நிரப்பிக் கொடுப்பவளுக்கு ஊரில் உள்ளவர்களின் வீட்டுக் கதையெல்லாம் தெரியவரும். தன் வீட்டுக் கதையை மட்டும் யாருக்கும் தெரியவிடக் கூடாது. கவுண்டருக்குப் பின்னால் இருந்து காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

யுத்த காலத்தில் தலைநகரின் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கந்தோரில் நான் கிளார்க். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதும், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை விடும் டே கெயாரின் கட்டணத்தில் பாதியை அரசாங்கத்திடமிருந்து எடுத்துக் கொடுப்பதும் எங்கள் பிரிவின் பொறுப்பு. ஃபோம் சிங்களத்தில் இருக்கும். தமிழ் ஆட்கள் வந்தால் என் மேசைக்கு அனுப்புவார்கள். நல்ல வேலைதான். அதை நான் செய்த விதத்தைச் சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அம்மா எங்கே?

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அந்தோனி என்பவர் ஒருநாள் காலை மூன்று வயது மகளோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை. நான் ஃபைலிலிருந்து தலையை எடுக்காமலே, "இது தாய்மாருக்குக் குடுக்கிற உதவி. பிள்ளையின்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

ஆள் விலகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளைக்கு இரண்டு குடுமி கட்டியிருந்தது. ஒன்று காதுக்கு மேலே, மற்றது கழுத்தடியில். பழக்கமில்லாத கை கட்டியது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தோனி கோபப்படவில்லை. எனக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னார்:

"அவளைக் கூட்டிட்டு வரணும்னா மாதம்பிட்டி மயானத்துக்குத்தான் போகணும், மிஸ்."

ஆர்வமில்லை

அந்தோனிக்கு அன்றைக்கே பதிவு போட்டுக் கொடுத்தேன். அதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

பரமேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். கணவர் ஷெல் விழுந்து இறந்துபோனார். கைப்பிள்ளையோடு ஒரு லொட்ஜில் இருந்தார். இரத்மலானையில் ஒரு கார்மன்ட் தொழிற்சாலையின் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். ஆள் வரவில்லை என்று தொழிற்சாலையிலிருந்து ஃபோன் வந்தது. மினக்கெட்டு இடம் எடுத்துக் கொடுத்தால் இப்படித்தான் என்ற எரிச்சலில் ஃபைலில் சிங்களத்தில் எழுதினேன்: 'சமுகமளிக்கவில்லை. தொழிலில் ஆர்வமில்லை.' அப்படி எழுதினால் ஆறு மாதத்துக்கு வேறு இடம் கொடுக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அவர் வந்தபோது ஃபைல் மேசையில் விரித்தபடி கிடந்தது. அவர் அந்த வரியில் விரலை வைத்து மெதுவாக வாசித்தார். தகப்பன் அநுராதபுரத்தில் உத்தியோகம் பார்த்ததால் சிங்களம் படித்தவராம். நான் அதைக் கேட்டதே இல்லை. வெள்ளவத்தையிலிருந்து வேலைக்கு வரும் வழியில் என்னையும் எத்தனை தரம் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கி அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள்! ஆனாலும் எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அவர் விரலை எடுக்காமலே சொன்னார்:

"ஆர்வமில்லாமல் இல்லை, மிஸ். சோதனையில பஸ்ஸால இறக்கினவை. பின்னேரம் வரைக்கும் பிள்ளையோட பொலிஸில இருந்தனான்."

வெளிநாட்டில் எண்டு போடுங்கோ

அந்த வரியை வெட்டினேன். ஆனால் அவருக்கு வேறு இடம் கிடைக்க இரண்டு மாதம் பிடித்தது.

பிறகு சுகந்தி வந்தாள். தெமட்டகொடையில் ஓர் அறையில் மகனோடு இருந்தவள், இருபத்திரண்டு வயதுகூட இராது. கணவர் விபரம் கேட்கும் கட்டத்துக்கு வந்ததும், "வெளிநாட்டில எண்டு போடுங்கோ மிஸ்" என்று கெஞ்சினாள். "பொய் எழுதினால் உதவி வராது. விட்டிட்டுப் போனவர் எண்டு சொல்லுறதில உமக்கு என்ன வெட்கம்?" என்று வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கச் சத்தம் போட்டேன். அவள் அழுதுகொண்டு தலையாட்டினாள். எழுதினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பொறுப்பாளர் மாலினி மிஸ் என் மேசையைக் கடந்து போனார். "கணவரிடமிருந்து கனடா ஸ்பொன்சர் கடிதம் வந்ததா?" என்று கேட்டார். "அடுத்த மாதம் வந்துவிடும்" என்றேன்.

உண்மை என்னவென்றால், என் கணவர் கனடாவுக்குப் போய் மூன்றாம் வருடமே அங்கே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். கடிதம் போட்டு அவரே அறிவித்துவிட்டார். வெள்ளவத்தையில் நானும் மகளும் மட்டும்தான். மகளை விடும் டே கெயாரில் மட்டும், கட்டணத்துக்குத் தவணை கேட்பதற்காக இதைச் சொல்லி வைத்திருந்தேன். சுகந்திக்கு மாலினி மிஸ் ஆயா வேலை ஒன்று எடுத்துக் கொடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் மகளைக் கூட்டிவரப் போனேன். அவளுடைய பையையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தது சுகந்தி. நான் சொன்னதை எழுதி வைத்த பிள்ளைகளின் பதிவேடு இருப்பதும் அவளிடம்தான். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்:

"பயப்பிடாதேங்கோ அக்கா, கந்தோரில நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

என் பெயரில் ஒரு ஃபோம்

அடுத்த நாள் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பிய பிறகு, விதிமுறையைக்கூட யோசிக்காமல் என் பெயரிலேயே ஒரு ஃபோம் நிரப்பினேன். கணவர் விபரம் என்ற கட்டத்தில் பேனை நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு அரை நிமிடத்தில் எழுதித் தள்ளுகிற வரி அது. ஒருபடியாக எழுதி முடித்து, எல்லாரும் திரும்பி வந்ததும் மாலினி மிஸ்ஸின் மேசையில் வைத்து, "இவ்வளவு நாளும் உங்களுக்குப் பொய் சொன்னேன்" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். பிறகு சிங்களத்தில், பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"எனக்கு எப்போதோ தெரியும், தங்கச்சி. கேட்காமல் விட்டால் உனக்குச் சந்தேகம் வருமென்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அரசாங்க ஊழியருக்கு இந்த உதவி இல்லையே."

மற்றவர்களின் வெட்கத்தையெல்லாம் மூன்று பிரதியில் எழுதி அங்கீகாரம் வாங்கிக் கொடுத்த என் உத்தியோக காலத்தில், தகுதியில்லை என்று திரும்பி வந்தது என்னுடைய வெட்கம் ஒன்றுதான்.