பேனரில் இருந்த கை

கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்து அனுப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. செய்கிற இடத்தில் இல்லை, சரிபார்க்கிற இடத்தில். ஷிப்ட் முழுக்க நின்றபடி, கைக்கு வரும் ஒவ்வொரு கட்டிலும் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும். சிவப்பு போக வேண்டிய துளையில் பழுப்பு போயிருக்கிறதா, டேப் எங்காவது பிரிந்திருக்கிறதா என்று பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு கட்டு வெளியே போனதில்லை என்று லைன் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, உனக்கென்ன கண் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நன்றாகவே தெரியும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் என் மகள் பெரியவளானாள். ஆறாம் வகுப்பு, வயது பதினொன்று. வயிற்றை வலிக்கிறது என்று வந்து நின்றபோது கையில் பாதி கடித்த கொய்யாக்காய் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். லீவில் சைக்கிள் ஓட்டலாமா, கூடாதா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

நான் கண்டிப்பான அம்மா. டிவியில் சின்னக் குழந்தைகளுக்கு லிப்ஸ்டிக் பூசி, பெரியவர்களின் காதல் பாட்டுக்கு ஆடவிட்டு, சுற்றிலும் உட்கார்ந்து கைதட்டுவார்களே, அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவர்களுக்கு அறிவில்லையா என்று டிவியைப் பார்த்தே திட்டிவிட்டு அணைத்துவிடுவேன். போனை மகள் கையில் தரவே மாட்டேன். நம் வீட்டுக்குள் அந்தக் கண்றாவி நுழையாது என்று அவ்வளவு நம்பிக்கை.

மார்கழியில் கூடாது என்று தை பிறந்ததும் சடங்குக்கு நாள் குறித்தோம். எங்கள் பக்கத்தில் சடங்கு என்றால் சாப்பாட்டுக்கு முன்னால் பேனரைப் பற்றித்தான் பேச்சு. நடுவில் ஆளுயரத்துக்குப் பெண், அவளைச் சுற்றி வரிசை வரிசையாகச் சொந்தக்காரர்களின் தலைகள். தாய்மாமன் தலை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். என் நாத்தனார் வீட்டுச் சடங்கில் ஒரு சித்தப்பாவின் படம் விட்டுப்போக, அவர் இலையில் உட்காராமலே எழுந்து போய்விட்டார். இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. எனக்கு அந்தப் பயம்தான்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தோம். தாவணி அவள் தோளில் நிற்கவே இல்லை. ஸ்டுடியோக்காரர் நாலு இடத்தில் பின் குத்தி நிறுத்தினார். மறுநாள் காலை படங்களைப் போனுக்கு அனுப்பியிருந்தார். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கை ஒழியாததால் எழுதாமல், போனில் பேசியே ஏதோ பதில் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேனரின் மாதிரி வந்தது. சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றிருந்தார். பார்ப்பதுதானே என் வேலை. விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு தலையாக எண்ணினேன். முப்பத்திநாலு. அண்ணன் படம் மேலே இருக்கிறது, பெரிதாகவும் இருக்கிறது. மச்சினரின் இனிஷியல் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னேன். நடுவில் நின்ற மகளை ஒரே ஒரு தடவை பார்த்தேன். அழகாக இருந்தாள். ஓகே என்று கட்டைவிரலை அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனேன்.

பேனரை எங்கள் கூட்டுரோட்டில், கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று அடம்பிடித்ததும் நான்தான். அப்போதுதானே எல்லாக் கம்பெனிக்காரர்களும் பார்ப்பார்கள். அதன் முன்னால் நின்று செல்பி எடுத்து, தெரிந்தவர், தெரியாதவர் அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

சடங்கு நன்றாகவே முடிந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மகள் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றுவலி என்றாள். சோம்பேறித்தனம் என்று திட்டி அனுப்பினேன். சாயந்திரம் அவள் சைக்கிள் சக்கரத்தில் சேறு அப்பியிருக்கும். வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் தார் ரோடு, சேறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தெரியாது என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

சடங்கு முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். தலையில் கம்பெனித் தொப்பி, முகத்தில் மாஸ்க். பின் சீட்டில் புதிதாக வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் இரண்டு பேர். பஸ் கூட்டுரோட்டில் நின்றிருந்தது. ஜன்னல் வழியாகப் பேனரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். என்ன பேசினார்கள் என்று எழுத என் கை வராது. கல்யாண வயதில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினாலே செருப்பைக் கழற்ற வேண்டிய பேச்சு அது. மாஸ்க்கை இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

“அது என் பொண்ணு. ஆறாங்கிளாஸ் படிக்குது.”

ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னொருவன் என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் கேலி இல்லை, நிஜமாகவே திகைத்துப் போயிருந்தான்.

“ஆறாங்கிளாஸா? பாத்தா அப்டி தெரியலியேக்கா.”

அடிக்கத்தான் எழுந்தேன். ஆனால் அவன் சொன்னது என் காலைக் கட்டிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். பஸ் போனது. பேனருக்கு எதிரே நின்று, லைனில் நின்று பார்ப்பதுபோல மேலிருந்து கீழாகப் பார்த்தேன்.

முகம் என் மகளுடையது. கழுத்தில் மெல்லியதாக ஒரு கோடு ஓடியது. அதற்கு மேலே மாநிறம், கீழே வெளுப்பு. தோள் அவளுடையது இல்லை. இடுப்பு அவளுடையது இல்லை. மூன்று வயதில் சுடுகஞ்சி கொட்டி, இடது மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவுக்கு அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. பேனரில் இருந்த இடது கை வழவழவென்று இருந்தது, நகத்தில் சிவப்புப் பாலீஷோடு. யாரோ வளர்ந்த பெண்ணின் உடம்பில் என் குழந்தையின் தலையை ஒட்டவைத்து நடுரோட்டில் நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் முப்பத்திநாலு பேர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று வேலைக்குப் போகவில்லை. சாயந்திரம் மகள் வந்து சைக்கிளை நிறுத்தியதும் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“அது நானில்லமா. மூஞ்சி மட்டுந்தான் நானு.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

“நீதான் நல்லாக்குதுன்னு எல்லாருக்கும் அனுப்பிக்கினு இருந்தியே.”

பிறகு மெல்ல மெல்ல வந்தது. பள்ளிப் பையன்கள் பேனரைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டிக் காட்டி என்னென்னவோ கேட்கிறார்கள். கூட்டுரோட்டில் நிற்கிற பெரிய ஆட்கள் அவளை மேலும் கீழும் பார்க்கிறார்கள். அதனால்தான் ரோட்டை விட்டு, ஏரிக்கரையைச் சுற்றிப் போய் வருகிறாள். யாரும் நடமாடாத கரை. சேறு அங்கிருந்து வந்தது. அந்த வழியில் இவளுக்கு ஒன்று ஆகியிருந்தால் யாருக்குத் தெரியும்.

அவள் அப்பாவிடம் சொன்னேன். “ஊர்ல எல்லாரும் இப்டித்தான போட்றாங்க, நீ இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிக்கினு கீற” என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பேனருக்கு முன்னால் நிறுத்தினேன். அந்தக் கையைக் காட்டினேன். அன்று கஞ்சி கொட்டியபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். கொஞ்ச நேரம் பார்த்தார். போய் ஏணி வாங்கி வந்தார். இரண்டு பேருமாக அறுத்து இறக்கிச் சுருட்டினோம்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போய் நான் போட்ட சத்தத்தில் பஜாரே வேடிக்கை பார்த்தது. உன் வீட்டுப் பிள்ளையை இப்படி ஒட்டுவாயா என்று கேட்டேன். போலீசுக்குப் போவேன் என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. உடம்பெல்லாம் கம்ப்யூட்டரில் ரெடியாக இருக்கிறது, எல்லாச் சடங்குக்கும் அதைத்தான் போடுகிறோம், சின்ன வயசு என்றால் முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றார். ஏதோ இட்லித் தட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். யாரைக் கேட்டுச் செய்தாய் என்றேன். போனை எடுத்துத் தேடி, சத்தத்தைக் கூட்டி, என் பக்கம் நீட்டினார். என் குரல்தான்.

“இன்னா நைனா, கொயந்த மாதிரி கீறா. பாக்கறவங்க சிரிப்பாங்க. கொஞ்சம் பெரிய பொண்ணு மாதிரி பண்ணிக் குடு.”

கடையில் ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். டிவியைப் பார்த்துத் திட்டுவேன் என்றேனே, அதே குரல். குழந்தை குழந்தையாக இருக்கிறது என்று குறை சொல்லித் திருத்தி வாங்கியிருக்கிறேன். படங்களை என் கண்ணெதிரில் அழிக்கச் சொன்னேன். அழித்தார். ஊர்ப் போன்களில் இருப்பதை யார் அழிப்பார்கள்.

அடுத்த நாள் காலை மகளை முன்னால் உட்காரவைத்துத் தலைவாரும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. ஸ்டுடியோக்காரர் தானாகச் செய்யவில்லை, நான்தான் கேட்டேன், தப்பு என்னுடையது என்றேன். அவள் அசையவில்லை.

“தெரியும்மா. இதோ இப்டி என் தலைய பின்னிக்கினேதான சொன்ன.”

நான் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். பேனரை எடுத்தாயிற்று, இனிமேல் ரோட்டு வழியாகவே போ என்றேன். சரி என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். சாயந்திரம் ஷிப்ட் முடிந்து வந்து முதல் வேலையாகச் சக்கரத்தைப் பார்த்தேன். சேறு இருந்தது.