கிரீஸ் சோதனையும் ஒரு ரூம் ஹீட்டரும்

கிரீஸ் கெட்டுப்போகுமா என்று பார்க்க எங்கள் டெல்லி ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. கண்ணாடித் தட்டுகளில் கிரீஸை நிரப்பி, எஃகுக் கலத்துக்குள் வைத்து, ஆக்ஸிஜனை அழுத்தி ஏற்றி மூடி, கொதிக்கக் கொதிக்க இருக்கும் எண்ணெய்த் தொட்டியில் நாள்கணக்கில் இறக்கி வைப்போம். கிரீஸ் ஆக்ஸிஜனை உறிஞ்சினால் அழுத்தம் காட்டும் முள் இறங்கும். ரொம்ப இறங்கினால் கிரீஸ் ஃபெயில். ஓடுகிற பேரிங்கில் அது எப்படி உழைக்கும் என்று இந்தச் சோதனை சொல்லாது. சும்மா வைத்திருந்தால் கெடாமல் இருக்குமா என்று மட்டும் சொல்லும். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் இதில் முதல் வகுப்பில் தேறுவார்கள்.

போன ஜனவரியில் தொட்டிக்குள் இருந்தது நானே உருவாக்கிய கிரீஸ். இரண்டு வருட உழைப்பு. ஃபெயிலானால் திட்டத்தையே மூடிவிடுவதாகக் கமிட்டி சொல்லியிருந்தது. மலை மந்திர் முருகனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை முழுக்க ஒரு மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன். மதியம் வந்து பார்த்தால், தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என் மேலதிகாரி உட்கார்ந்திருக்கிறார். திருநெல்வேலிக்காரர். தலையில் மங்கி கேப், காலடியில் ரூம் ஹீட்டர்.

"உன் கிரீஸ் அவுட்டும்மா. முள்ளு எவ்வளவு இறங்கிட்டு பாரு. கமிட்டிக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

முள்ளைப் பார்க்கக் குனிந்தேன். அப்புறம்தான் ஹீட்டரின் வயர் கண்ணில் பட்டது. அது போய்ச் சேர்ந்த இடத்தில்தான் தொட்டியின் பிளக் இருந்திருக்க வேண்டும். பிளக் தரையில் கிடந்தது.

"சார், தொட்டி ஆறிப்போச்சு. சூடு குறைஞ்சா அழுத்தமும் குறையும். கிரீஸ் ஒண்ணும் செய்யல."

"காலைலதாம்மா மாட்டினேன். இந்த ஊரு சர்தி, குளிரு, எப்படி இருக்கு பாத்தியா?"

பிளக்கைத் திரும்ப மாட்டினேன். சாயங்காலத்துக்குள் முள் பழைய இடத்துக்கே ஏறி வந்தது. கிரீஸ் உறிஞ்சியிருந்தால் அந்த ஆக்ஸிஜன் திரும்பி வந்திருக்காது. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"முதல்லேர்ந்து மறுபடி போடலாம் சார்."

"போடலாம்மா. ஆனா ஏன்னு கமிட்டில கேப்பாங்கள்லா. நீதான் பிளக்கைச் சரியா மாட்டலன்னு சொல்லிரு. நான் ரிட்டையர் ஆகப்போறவன். உனக்கென்ன, சின்ன வயசு."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் மறுசோதனை கிடையாது. சரி என்றேன்.

இந்த முறை பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டினேன். கிரீஸ் ஜம்மென்று பாஸானது. கமிட்டித் தலைவர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, ஒரு பிளக்கைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாதா என்று இந்தியில் கேட்டார்.

"பச்சி ஹை சார், சின்னப் பொண்ணு, கத்துக்குவா" என்று என் மேலதிகாரி இரண்டு மொழியிலும் எனக்காகப் பரிந்து பேசினார்.

இனிமேல் கவனமாக மாட்டுகிறேன் என்றேன். திட்டம் பிழைத்தது. அதைப் பொறுப்பாக நடத்த அனுபவஸ்தர் ஒருவர் வேண்டும் என்று அவருக்குப் பணி நீட்டிப்பும் கொடுத்தார்கள்.