நடு ஆற்றில் நின்ற மோட்டார்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெயர்களும் அளவுகளும் இப்போது மறந்து போகின்றன. பொறுத்துக்கொண்டு படியுங்கள். படகு மோட்டார் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை காவிரிக்கரையில் படகுத்துறைக்குப் போகிற வழியில் இருந்தது. ஆயில் இன்ஜின், மருந்தடிக்கிற மெஷின், படகு மோட்டார் எல்லாம் வரும். வாசலில் நின்று பேசுவது என் வீட்டுக்காரர். உள்ளே உட்கார்ந்து கார்ப்ரேட்டர் கழற்றி மாட்டுவது நான். வேற்று ஆட்களிடம் பேசக் கூச்சம். அதனால் அந்த ஏற்பாடு எனக்கு வசதியாக இருந்தது.

1. பட்டறையில் ஓடியது

செல்லமுத்து அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற படகுக்காரர். படகின் பின்னால் மாட்டுகிற அவருடைய பழைய அவுட்போர்டு மோட்டாரும் பெட்ரோல் டேங்கும் ஆயுத பூஜை சமயத்தில் சர்வீசுக்கு வந்திருந்தன. பூஜை முடிந்து எடுத்துப் போனவர் மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

“ஏனுங்க, பத்து நிமிசம் ஜம்முன்னு ஓடுது. அப்புறம் இருமி இருமி நின்னு போவுது. கொஞ்ச நேரம் உட்டு இழுத்தா எடுக்குது, மறுக்காவும் படுத்துக்குது.”

“கார்ப்ரேட்டர்ல அழுக்கு இருக்குமுங்க. மோட்டாரை எறக்குங்க,” என்றார் என் வீட்டுக்காரர்.

டேங்க் படகிலேயே இருந்தது. மோட்டார் மட்டும் வந்தது. கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் வருகிற சின்னக் குழாயான ஜெட்டை ஊதினேன். பில்டர் மாற்றினேன். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை மாட்டி, ஆணியில் தொங்குகிற குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி ஓட்டினேன். எந்த மோட்டாரையும் நாங்கள் அப்படித்தான் சோதிப்போம். அரை மணி நேரம் சீராக ஓடியது. கொண்டு போனார். நாலே நாளில் திரும்பக் கொண்டு வந்தார். மோட்டாரில் இருக்கிற பெட்ரோல் பம்பின் டயாபிரம் என்கிற ரப்பர் சவ்வை மாற்றினேன். பாட்டிலில் மறுபடியும் ஓடியது. ஆற்றில் மறுபடியும் நின்றது.

“பாட்டல்ல ஓட்டறதுக்கா மோட்டாரு வெச்சிருக்கறேன்? ஆத்துல ஓட்டிக் காட்டுங்க,” என்றார் செல்லமுத்து.

என் வீட்டுக்காரருக்கு முட்டி வலி, படகில் ஏற முடியாது. “நீயே போயிப் பாத்துட்டு வா,” என்று என்னை அனுப்பிவிட்டார்.

2. ஆற்றில் நின்றது

வெறும் படகில் போவோம் என்று நினைத்திருந்தேன். துறையில் ஆட்கள் காத்திருந்தார்கள், செல்லமுத்து ஏற்றிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டேங்க் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். என்னை ஒட்டி ஒரு பெண், மடியில் கைக்குழந்தை.

“மெக்கானிக்கு எங்கீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“இந்தக்காதானுங்க,” என்று செல்லமுத்து என்னைக் காட்டினார்.

“செரியாப் போச்சு. நானு நீச்சலும் பழகலீங்க,” என்றார் கேட்டவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நடு ஆற்றுக்கு வந்ததும் மோட்டார் இருமியது, நின்றது.

மற்ற நாளில் அங்கே தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். அன்று மேலே மழை பெய்து, கீழே ஆற்றின் குறுக்கே தண்ணீரைத் தேக்குகிற கதவணையில் கதவுகளைத் தூக்கியிருந்தார்கள். படகு பக்கவாட்டில் திரும்பிக் கதவணையைப் பார்த்து நகர ஆரம்பித்தது. செல்லமுத்து துடுப்புப் போட்டார். இழுப்பு அவரை மிஞ்சியது. தூண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அக்கா, உங்குளுக்குத் தெரியுமில்லீங்க?”

கீழே பார்த்தேன். டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகிற ஓஸ் குழாய் நடுவில், கையால் அமுக்குகிற ரப்பர் பல்பு இருக்கும். அது பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி மாதிரி சப்பி ஒட்டிக் கிடந்தது. டேங்குக்குள் காற்றுப் போகவில்லை என்றால்தான் அப்படி ஆகும். உள்ளே காற்று இறங்காமல் பெட்ரோல் வெளியே வராது.

டேங்க் மூடியைத் திருகினேன். ‘உஸ்’ என்று இழுத்தது. பல்பு உப்பியது. நாலு அமுக்கு அமுக்கி, “இப்பக் கயித்த இழுங்க,” என்றேன். இரண்டாவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. செல்லமுத்து படகைத் திருப்பினார்.

அப்புறம்தான் கையிலிருந்த மூடியைப் பார்த்தேன். நடுவில் காற்றுக்கென்று ஊசிமுனை அளவு துளை உண்டு. அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து கல்லாகியிருந்தது. பூஜையன்று பட்டறையிலிருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் மூடியைத் திறந்தவர்களும் சாமிப் பொட்டு என்று துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். வளையலில் கோத்திருந்த சேப்டி பின்னை எடுத்துக் குத்தித் துளையைத் திறந்தேன்.

அக்கரையில் அந்தப் பெண் குழந்தையின் கையை எடுத்து என் கன்னத்தில் தொட வைத்தாள். “நீங்க நல்லா இருக்கோணுங்க்கா,” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது.

“அடைச்சதே நாந்தானுங்க. அந்தப் பொட்டு நான் வெச்சது,” என்றேன்.

அவள் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கரையேறிப் போய்விட்டாள். செல்லமுத்து வெகுநேரம் துடுப்பையே துடைத்தார். “அடுத்த வருசம் மாலையோட நிறுத்திக்குங்கக்கா,” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

நான் கற்றது இவ்வளவுதான். ஓடி ஓடி நின்றால், கார்ப்ரேட்டரைத் தொடும் முன் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். படகில் இருக்கிற டேங்கையும் ஓஸையும் வைத்தே சோதியுங்கள், பாட்டிலில் வேண்டாம். ஆள் ஏற்றாமல் சோதியுங்கள்.

எத்தனை நாள் கழித்து எதை மாற்றினேன் என்பதில் வரிசை தவறியிருக்கலாம். விவரம் தெரிந்த மெக்கானிக் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். பொட்டு வைத்தது நான்தான் என்று எழுதியிருப்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.