பின்னேரம் நாலு மணிக்குக் கேட்ட சத்தம்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து தேத்தண்ணி போடப் போகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, அவசர அழைப்பு எடுக்கும் இடத்தில் எனக்கு வேலை. அன்று பின்னேரம் நாலு மணி இருக்கும், ஒரு பிள்ளை அழைத்தாள். அன்புவழிபுரத்துப் பிள்ளை, பத்தொன்பது வயது. வகுப்பு முடிந்து வந்தவளை ஒரு வான் வண்டிக்குள் இழுத்துப் போட்டு, கண்ணைக் கட்டிக் கொண்டுபோய், யன்னல் இல்லாத இருட்டறையில் பூட்டியிருந்தார்கள். உடுப்புக்குள் ஒளித்த சின்னப் போன் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

"பொழுதுபட வந்து வேற இடத்துக்குக் கொண்டு போவாங்களாம் அண்ணா."

சிக்னலைப் பார்த்தால் துறைமுகத்திலிருந்து கிண்ணியா வரை எங்கும் இருக்கலாம். குரலை அமைதியாக வைத்துக்கொண்டேன்.

"அழாதீங்க தங்கச்சி. கண்ணால ஏலாட்டி காதால பாருங்க. என்ன கேக்குது?"

"எஞ்சின் ஒண்டு. சங்கிலி இழுக்கிற சத்தம். சைக்கிள் மணி. நிறையப் பேர் பலகையில ஏறுறாங்க. ஆடும் கத்துது."

எனக்கு அவளுடைய மூச்சுதான் கேட்டது. ஆனால் அவள் சொன்ன சத்தத்தை நான் அறிவேன். நான் கிண்ணியாக்காரன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி எங்கள் துறையிலிருந்து அக்கரை சேர்க்கும் தட்டைப் படகை நாங்கள் பாதை என்போம். பாலம் கட்டியதும் அது நின்றுவிட்டது, அப்போது இவளுக்கு மூன்று நாலு வயதுதான் இருக்கும்.

நம்பினால் நம்புங்கள், யோசிக்காமல் பொலிஸுக்குச் சொல்லிவிட்டேன், கிண்ணியாப் பழைய துறையடியைப் பாருங்கள் என்று. காரணம் கேட்டார்கள், எஞ்சின் சத்தம் என்றேன். பாதை என்று சொல்லியிருந்தால் என்னைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். இருபது நிமிடத்தில் துறையடியில் பூட்டிக் கிடந்த பழைய களஞ்சியத்துக்குள் பிள்ளையைக் கண்டெடுத்தார்கள், உயிரோடு. கடத்தியவர்கள் அடுத்த நாள் பிடிபட்டார்கள்.

அழைப்பின் ஒலிப்பதிவை மூன்று தரம் கேட்டேன். எஞ்சினும் இல்லை, ஆடும் இல்லை.

ஒரு கிழமை கழித்து அவள் தாயோடு நன்றி சொல்ல வந்தாள். அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று மெல்லக் கேட்டேன்.

"பொலிஸ் கதவை உடைக்கேக்க நிண்டது அண்ணா. அதுக்கு முதல் ஒராள் சத்தம் போட்டவர், 'அந்தப் பிள்ளை வராது, பாதையை எடுங்க' எண்டு. பாதை எண்டா என்ன அண்ணா?"

படகு என்று சொன்னேன். அது யாருக்காகக் காத்து நின்றது என்பதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.