அத்தான் பறித்த பூசணிப்பூக்கள்

எங்கள் அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. நாளெல்லாம் கிரீஸும் கம்பியுமாகக் கிடந்துவிட்டு வந்து, கையைத் தேய்த்துக் கழுவியதும் குரோஷா ஊசியை எடுத்துவிடுவார். கண்ணில் பட்டதையெல்லாம் உல்லன் நூலில் பின்னுவார். அந்த வீட்டில் குக்கருக்குக்கூடக் குல்லா உண்டு! அக்காவுக்கோ மொட்டைமாடித் தோட்டம்தான் உயிர். ஒருவர் கிறுக்கை ஒருவர் பொறுத்துக்கொண்டு ஓடியது வண்டி, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அக்காவின் பூசணிக்கொடியில் பிடிக்கிற பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்துகொண்டே இருந்தது. இந்த முறை ஆண் பூவின் மகரந்தத்தைத் தன் கையாலேயே பெண் பூவில் தடவிவிடக் காத்திருந்தாள். அன்று காலை பெண் பூ விரிந்தது. மதியத்துக்குள் கூம்பிவிடும். ஆண் பூவைத் தேடினால் ஒன்றுகூட இல்லை!

கீழே ஓடிவந்தாள். "ஏங்க, கொடியில இருந்த பூவெல்லாம் எங்க?"

"நான்தான் விடியக்காலையில பறிச்சேன்," என்றார் அத்தான் பெருமையாக. "பின்றதுக்கு மாதிரி வேணும்ல? பிஞ்சு இருக்கிற பூவைத் தொடவே இல்லை. காய்க்காத பூவை மட்டும்தான்!"

என்ன ஒரு கரிசனம்! நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"அது இல்லாம இது எப்படிங்க காய்க்கும்?" குரல் உடைந்துவிட்டது.

அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. மேஜை முழுக்கப் பிய்த்துப்போட்ட இதழ்கள். நூல் டப்பாவை அப்படியே கவிழ்த்தார். உருண்டைகள் சோபாவுக்கடியில் ஓடின. டப்பாவின் அடியில் ஒரே ஒரு பூவின் நடுத்தண்டு, மஞ்சள் பொடி கலையாமல்.

"இருக்கு! பொடி இருக்கு!"

மூவரும் படியில் தலைதெறிக்க ஓடினோம். லிஃப்ட்காரருக்கு லிஃப்ட் ஞாபகமே வரவில்லை. மேலே போனதும் அக்கா அவரையே முன்னால் தள்ளினாள். "நுணுக்கமான வேலையெல்லாம் உங்களுக்குத்தான் வரும். நீங்களே வைங்க." மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினார்.

அந்த வாரம் அவர் ஊசியைத் தொடவே இல்லை. காலையும் மாலையும் மாடிதான்.

ஏதோ ஓர் அலுவலகத்தில் பழுது நீக்கிய லிஃப்டில், ஆட்களோடு ஆளாக மேலே போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு அக்காவின் போன் வந்தது. "உதிரலைங்க! நல்லாப் பெருத்திருக்கு!"

"பிடிச்சிருச்சு!" என்று கத்தியேவிட்டாராம். முன்பின் தெரியாதவர்கள் அத்தனை பேரும் என்ன ஏதென்று கேட்காமலே கைதட்டியிருக்கிறார்கள். ஓர் அம்மா மட்டும், "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாராம்.

"ரொம்ப நல்லா இருக்காங்கம்மா!" என்றாராம் அத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.